தென்னை மட்டையில் படிந்த கரி

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலோசை கேட்கும் தூரத்தில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தோட்டத்துத் தென்னைகள் ஐந்தில் மூன்றைச் சாய்த்துவிட்டது. மிஞ்சிய இரண்டும் எங்களுக்குப் பிள்ளைகள் மாதிரி. கடந்த மாசியில் வற்றல் காயவைக்க மொட்டைமாடிக்குப் போனபோது, அதில் ஒன்றின் தாழ்ந்த மட்டைகளின் மேற்புறம் முழுக்க அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. பதறிப்போனேன்.

உப்புக்காற்றுதான் காரணம் என்றார் பக்கத்து வீட்டு ஐயா. உப்புக்காற்று பட்டால் ஓலை நுனி கருகும். இப்படிக் கரி படியாது. பூச்சிமருந்துக் கடையில் பூஞ்சாண நோய் என்று சொல்லி ஒரு தூளைக் கொடுத்தார்கள். இரண்டு முறை தெளித்தும் கறுப்பு குறையவில்லை.

துப்பு கொடுத்தது கொய்யாச்செடி. தென்னையின் அடியில் நிற்கும் அதன் இலைகளிலும் அதே கறுப்பு, தொட்டால் பிசுபிசுப்பு. ஈரத்துணியால் துடைத்தேன். கரி படலமாகக் கழன்று வந்தது. அடியில் இலை பச்சையாகவே இருந்தது. அப்படியானால் இலைக்குள் நோய் இல்லை, மேலேயிருந்து எதுவோ சொட்டுகிறது!

தேங்காய் பறிக்க வந்த அண்ணனிடம் ஒரு மட்டையை வெட்டிப் போடச் சொன்னேன். புரட்டிப் பார்த்தால், ஓலையின் அடிப்பக்கத்தில் அரிசிமாவில் இழுத்த கோலம்போல் வெள்ளைச் சுருள்கள். தட்டியதும் பொடி ஈக்கள் கிளம்பின. “சுருள் வெள்ளை ஈ அம்மா இது” என்றார். இந்தியாவில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கம்தான் இதை முதலில் கண்டார்களாம். ஓலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அதன் இனிப்பான கழிவு கீழே உள்ள ஓலைகளின் மேல் சொட்டும். அந்தப் பிசுக்கில் வளரும் பூஞ்சாணம்தான் கரியாகத் தெரிந்தது. நாங்கள் மருந்தடித்தது விளைவுக்கு; காரணம் மேலே நிம்மதியாக இருந்தது.

இன்னொரு மரத்தில் விரிந்த ஓலைகள் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணமாக இருந்தன. அது காண்டாமிருக வண்டின் வேலை. குருத்து விரியும் முன்பே துளைத்துவிடுகிறது. அண்ணன் கொக்கிக் கம்பியால் வண்டை வெளியே இழுத்தார். நாங்கள் எருக்குழியைக் கிளறி அந்த வண்டின் புழுக்களைப் பொறுக்கினோம்.

வெள்ளை ஈக்கு விஷமருந்து வேண்டாம் என்று விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் சொன்னார்கள். ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவியும் அதில் செத்துவிடும். எனவே மாடியிலிருந்து குழாய் நீரை ஓலையின் அடிப்பக்கத்தில் வேகமாக அடித்தோம். மஞ்சள் நிறத் தாள்களில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டோம். கரியைப் போக்க, லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துக் காய்ச்சிய கஞ்சியைத் தெளித்தோம். காய்ந்து உதிர்ந்தபோது கரியும் சேர்ந்து உதிர்ந்தது.

போன வாரம் வெட்டிய மட்டையில் வெள்ளைக்கு நடுவே கறுத்த குஞ்சுகளைக் கண்டேன். குளவி முட்டையிட்ட குஞ்சுகள்தான் இப்படிக் கறுக்கும். குளவி வந்துவிட்டது. குளவிகள் வெளியே வரட்டும் என்று அந்த மட்டையை எரிக்காமல் மரத்தடியிலேயே சாய்த்து வைத்திருக்கிறேன்.