திம்பத்தில் அணைந்த ஜீப்

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் லாரிக்கு ஒதுங்கி, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். என் பழைய ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. பின்னால் வந்த டெம்போக்காரர், "ஏனுங்க, டீசல் தீந்துபோச்சுங்களா?" என்றார். பெட்ரோல் வண்டி என்று சொல்லத் தெம்பில்லை.

ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்ப உதவும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பையே மாற்றச் சொன்னார்கள் மெக்கானிக்குகள். தேவையே இல்லை. முழுக்க ஒடித்தால் பம்ப்பில் அழுத்தம் ஏறி, பெல்ட் வழியாக இன்ஜினை இழுத்துப் பிடிக்கும். அந்த அழுத்தத்தை உணரும் பிரஷர் சுவிட்ச் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு உடனே தகவல் கொடுத்தால்தான், ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜினுக்குக் காற்று விடும் ஐடில் வால்வு திறந்து காற்றைக் கூட்டும். என் சுவிட்ச்சின் ஒயர் கழன்று தொங்கியது, முனையெல்லாம் காய்ந்த செம்மண். வால்விலோ தார் மாதிரி கரி. துடைத்துச் செருகினேன், அவ்வளவுதான். ஸ்டீயரிங்கை ஒடித்தால் 450க்கு விழுந்த ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) இப்போது 750இலேயே நிற்கிறது.