ஹாலில் ஏழு பேர், கையில் 11 இன்ச்

கல்யாண வீடியோ ஆர்டருக்குச் சாம்பிள் காட்டப் போகும் வீடியோகிராபர், எதிரே ஒரே ஒருவர் அடக்கமாக உட்கார்ந்து பார்ப்பார் என்ற நினைப்பில்தான் கடையில் டேப் (டேப்லெட்) வாங்குகிறார். பார்ட்டி வீட்டு நிலவரம் வேறு. கல்யாணப் பெண், அப்பா, அம்மா, ரேட்டைக் குறைப்பதற்காகவே வரவழைக்கப்பட்ட தாய்மாமா, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் பாட்டி, “இதுல கேம் இருக்காண்ணா?” என்று ஒட்டி நிற்கும் பொடியன், வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா. ஆக ஏழு பேர். தலைக்கு மேல் ஐந்தாம் நம்பரில் ஃபேன். எதிரே திறந்து கிடக்கும் ஜன்னல். மெஷின் இந்த ஹாலுக்குத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

போனிலேயே காட்டலாமே என்றால், 6.7 இன்ச் போனில்கூட 16:9 வீடியோ ஐந்து இன்ச் அகலத்துக்குள்தான் நிற்கும். அதனால் போன் கைமாறும். தாய்மாமாவின் கட்டைவிரல் பட்டு வீடியோ நிற்கும், இன்னொரு தடவை பட்டால் அடுத்த ஃபைலுக்குத் தாவும். அடுத்த ஃபைல் பெரும்பாலும் கரண்ட் பில் ஸ்கிரீன்ஷாட். லேப்டாப் என்றால், விலை குறைந்தவற்றில் வரும் டிஎன் ரகத் திரையைக் கீழே தரையில் உட்கார்ந்திருப்பவர் பார்த்தால் நிறம் தலைகீழாகத் தெரியும். அதோடு, திறந்த உடனே அப்டேட் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் வட்டம் சுற்றும். அந்த இடைவெளியில் பஜ்ஜி வந்துவிடும், எண்ணெய்க் கையோடு கீபோர்டு.

ஆக, டேப்தான். 10.9 இன்ச் ஐபேடா, 11 இன்ச் 16:10 ஆண்ட்ராய்டா என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் முதலாவதில் வீடியோ சுமார் 9க்கு 5 இன்ச், இரண்டாவதில் 9.3க்கு 5.25. கால் இன்ச்சுக்கா சண்டை? வெளிச்சத்தைப் பாருங்கள். 400 நிட்ஸுக்கு (திரை வெளிச்சத்தின் அளவு) கீழே போகவே வேண்டாம், 500 இருந்தால் நிம்மதி. அப்படியே இருந்தாலும் ஜன்னலைப் பார்த்தபடி திரையை வைத்தால் மணமேடைக்குப் பதில் ஜன்னல் கம்பிதான் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி ஸ்டாண்டு கவரை நிறுத்த வேண்டும்.

நிறத்தில் இரண்டு வில்லன்கள். ஒன்று, ஓஎல்இடி திரைகளில் வரும் ‘விவிட்’ மோடு. அரக்குப் பட்டு ரத்தச் சிவப்பாகும், பெண்ணின் அம்மா ஜவுளிக்கடைக்காரரைத் திட்ட ஆரம்பிப்பார். ‘நேச்சுரல்’ போட்டுவிடுங்கள். இன்னொன்று, கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று சாயங்காலமானால் தானாக ஆன் ஆகும் செட்டிங். பார்ட்டி வீட்டுக்குப் போவதே ஆறரை மணிக்கு. நலங்கு வைக்காமலேயே திரையில் எல்லோர் முகத்திலும் மஞ்சள்.

அடுத்தது நடுக்கம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டப டியூப்லைட் மினுக்காமல் இருக்க, ஷட்டரை 1/50 நொடியில் வைத்து நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுப்பது வழக்கம். பல டேப்களின் திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். 60ஐ 25ஆல் வகுத்தால் 2.4, அரைகுறை. ஒரு ஃப்ரேம் இரண்டு தடவை, இன்னொன்று மூன்று தடவை என்று மாறி மாறி நிற்கும். கிம்பலில் (கேமரா ஆடாமல் தாங்கும் கருவி) வழுக்கிப்போன ஷாட், மாட்டுவண்டியில் போனதுபோல் தெரியும். 120 ஹெர்ட்ஸ் திரையில் இது நான்கு, ஐந்து என்று ஆவதால் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. வாங்கும்போதே கடையில் சொந்த கிம்பல் ஷாட் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கடைக்காரரின் டெமோ வீடியோ, அந்தத் திரை அழகாகத் தெரியவே தயாரானது.

ஃபைல் விஷயத்தில் பந்தா கூடாது. கேமராவிலிருந்து வந்த 10 பிட், 4:2:2, எச்.265 ஃபைலை (நிற விவரம் அதிகம் உள்ள, நெருக்கிச் சுருக்கிய ரகம்) அப்படியே போட்டால் பல டேப்களில் அதைப் பிரிக்கும் வசதி சிப்பிலேயே இருக்காது. ஒலி ஓடும், படம் முக்கும். பந்தியில் பாயசம் கேட்கும் குரல் வரும்போது, திரையில் மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில் பிடித்தபடி நிற்பார். எச்.264, 1080பி, 8 பிட், 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்), ஒலிக்கு ஏஏசி ஸ்டீரியோ 48 கிலோஹெர்ட்ஸ். இது போதும். ஐந்து நிமிட ஹைலைட்ஸ் 750 எம்பிதான் ஆகும். நெட்டிலிருந்து ஓட்டலாம் என்ற ஆசை வேண்டாம். கெட்டி மேளத்துக்கு நடுவில் பெயின்ட் விளம்பரம் வரும்.

ஒலியை ஃபேன் சத்தத்தோடு சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும். ஸ்பீக்கர்கள் இரண்டு முனைகளிலும் இருக்கும் டேப்பாகப் பாருங்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும் தவிலின் கனத்த ஒலி வரும் தொப்பிப் பக்கம் காணாமல் போகும், கணீரென்ற வலந்தலை மட்டும் கேட்கும். புளூடூத் ஸ்பீக்கர் இதற்குக் கைகொடுக்கும். ஆனால் உதடும் சத்தமும் ஒன்றாக வருகின்றனவா என்று ஐயர் மந்திரம் சொல்லும் குளோஸப்பில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்து ஒரு நிமிடம் ஓடியிருக்கும். அப்போது அப்பா வாயைத் திறப்பார்: “தம்பி, இத அந்த டிவியில போட முடியாதா?”

டேப்பில் பாதிக் காசு இந்தக் கேள்விக்காகத்தான். டைப்-சி ஓட்டை இருந்தாலே எச்டிஎம்ஐ வரும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். அந்த ஓட்டை வழியாகப் படம் வெளியே போக டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ளே இருக்க வேண்டும். மலிவு டேப் பலவற்றில் சார்ஜும் ஃபைல் காப்பியும் மட்டும்தான். அடாப்டரையும் ஒயரையும் கடைக்கே கொண்டுபோய், அங்கே இருக்கும் டிவியில் செருகிப் பார்க்காமல் பில் போடாதீர்கள். ஒயர் மூன்று மீட்டர் இருக்கட்டும். டிவி சுவரில், ஷோகேஸ் பொம்மைகளுக்கு மேலே இருக்கும். ஒயரில்லாமல் அனுப்பலாம் என்றால் பெரும்பாலும் வைஃபை பாஸ்வேர்டு வேண்டும், அது தெரிந்த அண்ணன் பெங்களூருவில் டியூட்டியில் இருப்பார்.

எதற்கும் பையில் ஒரு பென் டிரைவ். அதை ஃபார்மட் செய்யும்போது கவனம்: பழைய டிவிகள் பல எக்ஸ்ஃபேட் முறையைக் கண்டுகொள்ளாது, ஃபேட்32தான் நம்பகம். ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, 20 எம்பிபிஎஸ்ஸில் சுமார் 28 நிமிடம். முழு முகூர்த்த வீடியோ கேட்டால் துண்டு போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.

செருகும் முன் டிவி சத்தத்தைக் குறையுங்கள். பாட்டி சீரியல் பார்த்த அளவில், அதாவது அறுபதில், அது அப்படியே இருக்கும். டேப்பில் டு நாட் டிஸ்டர்ப் போடாவிட்டால், 43 இன்ச்சில் எல்லோரும் சேர்ந்து படிப்பது லென்ஸுக்குக் கட்ட வேண்டிய இஎம்ஐ மெசேஜை. பொடியன் கையில் டேப் போவது உறுதி என்பதால் ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங். இரண்டும் வீடியோ ஆப்பை விட்டு எளிதில் வெளியே போகவிடாது. அழுவான். பரவாயில்லை.

காட்டி முடித்ததும் செட்டாப் பாக்ஸ் ஒயரைத் திரும்பச் செருகி, பாட்டியின் சானல் வருகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் பேச்சை எடுக்கலாம்.