பஞ்சு இல்லாத மெத்தை

கிருஷ்ணகிரி பெங்களூரு ரோட்டில் ஒரு சீட் கவர் கடை வாசல். புல்லட் சீட்டுக்கு டைமண்ட் தையல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஃபோம், மேலே ரெக்ஸின்.

அதே புடைப்பை ஃபோமே இல்லாமல், ஒற்றைத் தோலை நனைத்து அச்சுக் கருவியால் தட்டியே எடுக்கலாம்.

ஆவாரம்பட்டை மாதிரி மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும், 3 மி.மீ. கனத்தில். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலில் அழுத்திய தடம் நிற்காது.

தோலை நனைத்த உடனே தட்டக்கூடாது. நிறம் பழையபடி வெளுக்கணும், கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கணும். அதுதான் பதம். ஈரம் கூடினால் தடம் மழுங்கும், காய்ந்தால் அச்சு இறங்காது.

நனைக்கும் முன்பே பின்பக்கம் பேக்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தட்டத் தட்டத் தோல் விரிந்து கட்டமெல்லாம் கோணிவிடும்.

டைமண்ட் கட்டக் கோடுகளைக் கத்தியால் கீற வேண்டாம், மழுங்கிய முனையால் அழுத்தினால் போதும். பிறகு பெவலரால், அதாவது முனை சரிவாக உள்ள அச்சுக் கருவியால், கோட்டின் இரண்டு பக்கமும் தட்டணும். ஒரு பக்கம் மட்டும் தட்டினால் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரியும்.

பெவலர் விட்ட விளிம்பை ஸ்பூன் முனையால் தேய்த்து உருட்டும்போதுதான் உப்பலே வருகிறது. அவசரத்தில் பலரும் விடுவது இதைத்தான்.

கடைசியாகப் பள்ளத்தில் தையல் சக்கரம், தையல் மாதிரித் தடம் பதிக்கும் பல் சக்கரம். கோடுகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, அங்கே ஒரு வட்ட அச்சு.