மாருதி 800: ராத்திரியில் மட்டும் ஓட்டமெடுத்த வலது இண்டிகேட்டர்

வண்டி 2004 மாடல் மாருதி 800, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆர்சி புதுப்பிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. சொந்த வண்டிக்கு முதலில் 15 வருஷம், அதற்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. ஆர்டிஓ ஆபீஸில் கொண்டு போய்க் காட்டும்போது லைட், இண்டிகேட்டர், ஹார்ன் எல்லாம் ஒழுங்காக இருந்தாக வேண்டும். என் வண்டியில் ரிவர்ஸ் லைட்டைத் தவிர எரியாத லைட் என்று ஒன்றுகூட இல்லை, ஆனால் எதுவுமே எரிய வேண்டிய மாதிரி எரியவில்லை. அதுதான் சிக்கல்.

என்னென்ன என்று சொல்லிவிடுகிறேன். வலது இண்டிகேட்டர் பகலில் நல்லபடியாகத் துடிக்கும். இரவில் லைட்டைப் போட்டு, சிக்னலில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் அதே இண்டிகேட்டர் இரண்டு மடங்கு வேகத்தில் டிக்டிக்டிக் என்று ஓட ஆரம்பித்துவிடும். பிரேக்கை விட்டால் பழைய வேகம். ஹெட்லைட் மஞ்சளாக, எதிரே ஒரு மாடு நின்றால் மாடு நம்மைப் பார்த்த பிறகுதான் நாம் மாட்டைப் பார்ப்போம் என்கிற அளவில் இருந்தது. போதாக்குறைக்கு, ஒரு நாள் இரவு எனக்குப் பின்னால் வந்த நண்பர் போன் பண்ணி, "என்னங்க, பிரேக்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறீங்களா? சிவப்பு லைட் அணையவே இல்லையே" என்றார்.

இதைக் கேட்ட ஓர் எலக்ட்ரீஷியன் வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பிளாஷர் (இண்டிகேட்டரைத் துடிக்க வைக்கும் சின்னப் பெட்டி) போச்சு, காம்பினேஷன் ஸ்விட்ச் (ஸ்டியரிங் பக்கத்துக் குச்சி ஸ்விட்ச்) போச்சு, முடிந்தால் ஒயரிங் செட்டையே மாற்றிவிடலாம் என்றார். பழைய வண்டி என்றால் எல்லோருக்கும் வாயில் வருகிற முதல் பேச்சு இதுதான். எனக்கு மனசு ஒப்பவில்லை. பகலில் சரியாகத் துடிக்கிற பிளாஷர் இருட்டிய உடனே எப்படிக் கெட்டுப் போகும்? கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வேலை, எல்லா பல்பையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. பல்ப் எரிகிறதே, எதற்குக் கழற்ற வேண்டும் என்று கேட்காதீர்கள், நண்பர் சொன்ன புகாருக்கான பதில் அங்கேதான் இருந்தது. பின்பக்க டெயில் லேம்பில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும், டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். பல்பின் அடியில் இரண்டு ஈயப் பொட்டு, பக்கவாட்டில் இரண்டு பின், அதில் ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கீழே இருக்கும், மாற்றிப் போட முடியாதபடி. என் வண்டியின் இடது பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இண்டிகேட்டருக்குப் போடுகிற ஒற்றைப் பொட்டு 21 வாட் பல்பை அழுத்தித் திருகிப் பொருத்தியிருந்தார். அந்த ஒற்றைப் பொட்டு ஹோல்டரில் இருக்கும் இரண்டு காண்டாக்டையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டது. டெயில் லைன் வேறு, பிரேக் லைன் வேறு என்பதே போய், பார்க்கிங் லைட் போட்டாலே பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்திருக்கிறது. சரியான 21/5 பல்பைப் போட்டதும் அந்த ஒரு புகார் அதோடு முடிந்தது.

பியூஸ் பெட்டியையும் அப்படியே ஒரு பார்வை. மூடியில் 15 ஆம்பியர் என்று போட்ட இடத்தில் பச்சை பியூஸ் உட்கார்ந்திருந்தது. 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை, இது எல்லா பிளேடு பியூஸுக்கும் பொது. 15 இருக்க வேண்டிய இடத்தில் 30 இருந்தால், ஷார்ட் ஆகும்போது பியூஸுக்கு முன்னால் ஒயர் உருகும். எடுத்துவிட்டு நீலத்தைப் போட்டேன்.

அடுத்தது வலது இண்டிகேட்டர். இதில்தான் நேரம் போனது, சுவாரசியமும் இதில்தான்.

எலக்ட்ரானிக் பிளாஷர் வெறுமனே கரண்டை விட்டு விட்டு நிறுத்துவதோடு நின்றுவிடாது, எவ்வளவு கரண்ட் போகிறது என்றும் பார்த்துக்கொண்டே இருக்கும். 12 வோல்ட்டில் 21 வாட் பல்ப் ஒன்று ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்றால் மூன்றரை. இது கணிசமாகக் குறைந்தால், ஒரு பல்ப் போச்சு என்று டிரைவருக்குச் சொல்வதற்காகவே வேகத்தை இரட்டிப்பாக்கும். விதிப்படி நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் துடிக்க வேண்டும். ஓடுகிற இண்டிகேட்டர் அதைத் தாண்டிவிடும். ஆக, வேகமாகத் துடித்தால் பிளாஷர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பல்ப் இரண்டும் நன்றாக இருக்கும்போது எங்கே கரண்ட் குறைகிறது என்பதுதான் கேள்வி.

மீட்டரை, இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் இடத்தில் வைத்து, பின்பக்க ஹோல்டரின் உடம்பில் ஒரு முள், வண்டி பாடியில் ஒரு முள். பீப் என்று அடித்தது. எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி, இருக்கிறது என்று இங்கேயே எழுந்து போய்விடுபவர்கள்தான் பெரும்பாலானவர்கள். ஆனால் அந்த பீப்பை நம்பக் கூடாது. பல மீட்டர்கள் 30, 50 ஓம் வரைக்கும்கூட பீப் அடிக்கும். சோதிக்க மீட்டர் அனுப்புவதோ ஒரு மில்லி ஆம்பியர் சுமார். ஒயரில் ஒற்றை இழை மிச்சமிருந்தாலே அது போய்விடும். பல்புக்குத் தேவையான ஆம்பியர் கணக்கு அந்த வழியில் போகுமா என்பதை பீப் சொல்லாது.

அதனால் லைட்டை எரியவிட்டு வோல்ட்டாக அளந்தேன். மீட்டர் 20 வோல்ட் டிசியில், ஒரு முள் பேட்டரி மைனஸில் நீளமான ஒயர் போட்டு, இன்னொன்று ஹோல்டரின் உடம்பில். எர்த் நன்றாக இருந்தால் இங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும், பாயிண்ட் ஒன்று, இரண்டு வரை மன்னிக்கலாம். டெயில் லைட் மட்டும் போட்டபோது அரை வோல்ட்டைத் தாண்டியது. பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு விறகுக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிரேக்கையும் எரியவிட்டேன், மூன்று வோல்ட்டை நெருங்கியது. இண்டிகேட்டரும் சேர்ந்தபோது ஒவ்வொரு துடிப்புக்கும் நாலரை வரை ஏறி இறங்கியது. இடது பக்கம் இதே சோதனையில் பாயிண்ட் ஒன்றுகூட இல்லை.

எல்லாம் புரிந்துவிட்டது. டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றுக்கும் வலது பக்கத்தில் திரும்பிப் போகிற வழி ஒரே ஒரு கறுப்பு ஒயர். அந்த வழி நெரிந்து கிடக்கிறது. பகலில் இண்டிகேட்டர் மட்டும் என்றால் எப்படியோ சமாளித்துவிடுகிறது. இரவில் டெயிலும் பிரேக்கும் சேர்ந்துகொண்டால், இண்டிகேட்டர் பல்பின் எர்த் முனையே மூன்று நாலு வோல்ட்டில் மிதக்கிறது, அதற்குக் கிடைப்பது எட்டோ ஒன்பதோதான். கரண்ட் குறைகிறது, பிளாஷர் பல்ப் போச்சு என்று நினைத்து ஓட்டமெடுக்கிறது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். இண்டிகேட்டர் எரியும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலிருக்கும் டெயில் லைட் லேசாக மங்கியது. இது பளிச்சென்றால் அது மங்கல், இது அணைந்தால் அது பளிச். இந்த ஏட்டிக்குப் போட்டி ஆட்டத்தை எந்தப் பழைய வண்டியின் பின்னால் பார்த்தாலும் மீட்டரே வேண்டாம், எர்த்தைத் தேடலாம்.

ஆர்வக்கோளாறில் ஒன்று செய்து பார்த்தேன். அந்த எர்த்தை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, சாவியை ஆஃப் பண்ணிவிட்டு, பிரேக்கை மட்டும் அழுத்தினேன். முன்னால் நிற்கச் சொல்லியிருந்த மகள், "அப்பா, முன்னாடி இண்டிகேட்டர் எரியுதுப்பா, ஆனா ரொம்ப டல்லா" என்றாள். போய்ப் பார்த்தால் ஆரஞ்சு கண்ணாடிக்குள் இழை மட்டும் செந்நிறமாகக் கனன்றுகொண்டிருந்தது. அடைபட்ட வாய்க்கால் தண்ணீர் கரையேறிப் பக்கத்து வயலில் பாய்வது மாதிரி, பிரேக் இழை வழியாக வந்த கரண்ட் எர்த்துக்குப் போக முடியாமல், பின் இண்டிகேட்டர் இழை வழியாகத் திரும்பி, முன் இண்டிகேட்டர் வரை நடந்து, அங்கே இருக்கும் நல்ல எர்த்தில் இறங்கியிருக்கிறது. மூன்று பல்பும் ஒரே வரிசையில் மாட்டிக்கொண்டதால் ஆளுக்குக் கொஞ்சம் வெளிச்சம். பழைய வண்டிகளில் சம்பந்தமே இல்லாத லைட் எரிகிறது, பேய் பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதுதான்.

எர்த் பாயிண்ட் டிக்கிக்குள், வலது லேம்புக்குக் கீழே, விரிப்பைத் தூக்கினால் பாடியில் ஒரு ஸ்குரூ. தூத்துக்குடியில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. கடல்காற்று, உப்பளக்காற்று, டெயில் லேம்ப் ரப்பர் வழியாக இறங்கிய மழைத் தண்ணீர் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். ஸ்குரூவைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தது. ஒயர் முனையில் ஸ்குரூவுக்காக இருக்கும் வளையமான லக்கைத் தொட்டதும் ஒயர் நுழையும் இடத்தில் பச்சைப் பொடி உதிர்ந்தது. கறுப்பு உறையைக் கொஞ்சம் சீவினால் உள்ளே செம்பு செம்பாக இல்லை, கருத்துப் போய் நொறுங்கியது, நாலைந்து இழைதான் லக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இதை வைத்துக்கொண்டுதான் மீட்டர் பீப் அடித்திருக்கிறது.

பளபளப்பான செம்பு வரும் வரை ஒயரைப் பின்னோக்கி வெட்டி, புது ஒயர் சேர்த்து, புது லக்கை கிரிம்ப் பண்ணி, பாடியில் எமரி பேப்பரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். இறுக்கிய பிறகுதான் மேலே பெட்ரோலியம் ஜெல்லி. அதோடு இரண்டு பக்க லேம்பின் எர்த்தையும் ஒரு 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயரால் இணைத்துவிட்டேன், ஒரு பக்கம் கைவிட்டாலும் இன்னொரு பக்கம் தாங்கும். மறுபடி எல்லாவற்றையும் எரியவிட்டு அளந்தால் பாயிண்ட் பூஜ்யம் எட்டு. பிரேக்கை மிதித்தாலும் இண்டிகேட்டர் நிதானம் தவறவில்லை. போச்சு என்று தீர்ப்பான அதே பிளாஷர்தான் இன்னும் இருக்கிறது. செலவு என்று பார்த்தால் ஒரு டீ, பஜ்ஜிக் கணக்கு.

ஹெட்லைட் வேறு கதை, ஆனால் அதே மீட்டர். இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பல்பில் ஒயர் சொருகும் கப்ளரில் 11.4. இரண்டரை வோல்ட் வழியில் காணாமல் போகிறது. வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சமும் கொஞ்சம்தான் குறையும் என்று நினைக்க வேண்டாம், பல்பில் பத்து சதவீதம் வோல்ட் குறைந்தாலே சுமார் முப்பது சதவீத வெளிச்சம் போய்விடும். என் கணக்கில் பாதி போயிருந்தது. 60/55 வாட் பல்ப் இரண்டுக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் ஸ்டியரிங் பக்கத்துக் குச்சி ஸ்விட்ச் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் தொட்டால் குச்சியின் அடி வெதுவெதுப்பாக இருக்கும். கப்ளரைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது.

தீர்வு ரிலேதான், அதாவது கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டுக்கு வழி திறந்துவிடும் ஸ்விட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் 30-ம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து 2.5 ஸ்கொயர் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் பியூஸ், 87 பல்புக்கு, 85-ம் 86-ம் பழைய ஹெட்லைட் கப்ளரிலிருந்து. ஸ்விட்ச் இனி ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும். ஒயரை வெட்டுவதற்கு முன் ஒன்றை அளந்துவிட வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில வண்டிகளில் ஹெட்லைட்டின் பொதுப் பின்னில் நேராக பிளஸ் இருக்கும், ஸ்விட்ச் எர்த் பக்கத்தை வெட்டும். பொதுப் பின் எர்த்தாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு பாடியில் கொடுத்தால் பியூஸ் போகும். இப்போது பல்பில் 13.5 வருகிறது. 100/90 பல்ப் போடச் சொன்னவர்களுக்கு ஒரு கும்பிடு. எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்கி, ஹோல்டரையும் உருக்கிக்கொள்ள எனக்கு ஆசையில்லை.

இண்டிகேட்டருக்கு எல்இடி போடலாமே என்றும் கேட்டார்கள். போடலாம், ஆனால் அது இழுப்பது கொஞ்சம் கரண்ட்தான், சாதா பிளாஷர் உடனே ஓட ஆரம்பிக்கும். அதைச் சரிக்கட்ட 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துக் கட்டுவார்கள், எரியும்போது சுமார் இருபத்தைந்து வாட் அளவுக்குச் சூடாகும். கரண்ட் மிச்சம் பிடிக்க எல்இடி, அந்த மிச்சத்தைச் சூடாக்கி வீணடிக்க ரெசிஸ்டர். எல்இடிக்கென்றே வருகிற பிளாஷரை மாற்றுவதுதான் முறை. எனக்கு இப்போதைக்கு 21 வாட் பல்பே போதும்.

பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்சில் லாக் நட் தளர்ந்திருந்தது, கால் வைத்ததும் எரியும்படி சரிபார்த்து இறுக்கினேன். ரிவர்ஸ் லைட் இன்னும் எரியவில்லை. பல்பும் எர்த்தும் நன்றாக இருக்கின்றன, ஹோல்டருக்கு லைனே வரவில்லை, ஆக கியர்பாக்ஸில் இருக்கும் ஸ்விட்சோ அதன் கப்ளரோதான். அதற்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். வைப்பரும் மெதுவாகத்தான் போய் வருகிறது, அதன் எர்த்தையும் இதே மாதிரி ஓடவிட்டு அளக்க வேண்டும், ஐப்பசி மழை பிடிப்பதற்குள்.