பைக்காராவுக்குப் போங்கள்

ஊட்டிக்கு வருகிறவர்கள் ஊரின் நடுவே உள்ள ஏரியில் ஒரு சுற்று படகு விட்டு, தொட்டபெட்டா ஏறி இறங்கித் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கூடலூர் சாலைக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். 20 கிலோமீட்டர் போனால் பைக்காரா. பைன் காடும் புல்வெளியும் மாறி மாறி வரும், காரை மெதுவாக விட வேண்டிய சாலை.

பைக்காரா என்பது முக்குருத்தி மலையில் பிறக்கும் ஆற்றின் பெயரும்தான். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களுக்குப் புனிதமானது. பைக்காரா ஏரி என்று எல்லோரும் சொன்னாலும் உண்மையில் அணை நீர்த்தேக்கம்தான். இந்தத் தண்ணீரைக் கிளன்மார்கன் பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து குழாய் வழியாக 900 மீட்டருக்கும் மேல் கீழே சிங்காராவுக்கு இறக்கி 1932-லேயே மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில், அந்தச் சரிவில்! அப்புறம் அதே தண்ணீர் மாயாறாகி, பவானிசாகரில் சேர்ந்து, காவிரியோடு பூம்புகாரில் கடலுக்குப் போகிறது.

படகு இல்லத்தில் ஸ்பீட் போட்டுக்குத்தான் கூட்டம். எனக்கு அந்த இரைச்சல் ஆகாது. மெதுவாகப் போகிற மோட்டார் படகில் ஏறினால் கரையோரச் சோலைகளை நிதானமாகப் பார்க்கலாம்.

அருவிக்குக் காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். பாறைப் படிகளில் இறங்கும் அருவி. கோடையில் மெலிந்திருக்கும், தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு வந்தால் நல்லது. பாறை வழுக்கும், செல்ஃபிக்காகத் தண்ணீர் ஓரம் போக வேண்டாம்.

வெளியூர் வண்டி என்றால் நீலகிரிக்குள் வருவதற்கான இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள்.