என் முகத்துக்கு வேறொருவர் பேசினார்

2017இல் நான் நடித்த முதல் சீரியல் ஒளிபரப்பானபோது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. ஹீரோவுக்குத் தங்கை வேடம். கதவைத் திறந்து வந்து, "அண்ணா, அம்மா உன்னைக் கூப்பிடுறாங்க" என்று சொல்ல வேண்டும். கதவு திறந்தது, நான் வந்தேன், வாய் அசைந்தது. குரல் மட்டும் என்னுடையது இல்லை.

அம்மாதான் முதலில் கேட்டாள். "ஏட்டி, அன்னைக்கு ஒனக்குச் சளியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

இதில் என்னைக் குத்திய விஷயம் ஒன்று உண்டு. அதுவரை நான் சம்பாதித்த கொஞ்சநஞ்சமும் குரலால்தான் வந்தது. கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது திருநெல்வேலி வானொலி நிலையத்தில் நாடகக் குரல் தேர்வுக்குப் போனேன். ஒரு மைக், கையில் நாலு தாள். கேட்பவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. ஒரே காட்சியில் கிழவியாகவும் பேத்தியாகவும் மாறி மாறிப் பேசச் சொன்னார்கள். சில வாரம் கழித்து 'பி' கிரேடு என்று கடிதம் வந்தது. வானொலி நாடகக் கலைஞர்களுக்கு அதற்கு மேலே 'பி ஹை', 'ஏ', 'டாப்' என்று படிகள் இருக்கின்றன. நான் நின்றது முதல் படியில்தான். ஆனாலும் அந்தக் கடிதத்தை அப்பா பத்திரமாக பீரோவில் வைத்தார், நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில்.

சென்னைக்கு வந்து ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தேன். ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் பயிற்சி எடுத்தவர் எங்கள் இயக்குநர். மொட்டை மாடியில் ஒத்திகை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்க வேண்டும், ஆனால் கத்தக் கூடாது என்பார். தொண்டையை விட்டுவிட்டு வயிற்றிலிருந்து பேசப் பழக ஆறு மாதம் பிடித்தது. அதைவிடப் பெரிய தொல்லை ழகரம். எங்கள் பக்கம் வாழைப்பழம் வாளப்பளம்தான். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்" என்பதை நூறு முறை சொல்லச் சொல்வார். தொண்ணூறு முறை கிழவன் ஒழுங்காக விழுவான். மீதிப் பத்து முறை கெளவன் கீளே விளுவான்.

மேடை சோறு போடாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதனால்தான் சீரியல். வளசரவாக்கத்தில் ஷூட்டிங் வீடு, காலை ஒன்பது மணி கால்ஷீட். சின்ன வேடம் என்றால் புடவையை நாமேதான் கொண்டுபோக வேண்டும். கன்டினியூட்டிக்காக, அதாவது காட்சிக்குக் காட்சி உடை மாறாமல் இருக்க, ஒரே புடவையைப் பதினோரு நாள் துவைத்துத் துவைத்துக் கட்டியிருக்கிறேன். அங்கே யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் உதவி இயக்குநர் அரை வரி சொல்வார், நாம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் அடுத்த அரை வரி சொல்லும்வரை யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை மணி நேர நாடகத்தைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, ப்ராம்ப்ட்டிங் முதல் நாள் அவமானமாக இருந்தது, இரண்டாம் நாள் வசதியாக இருந்தது.

டப்பிங்குக்கு எப்போது வர வேண்டும் என்று மேனேஜரிடம் இரண்டு முறை கேட்டேன். "சொல்றோம்மா" என்றார். ஒளிபரப்பான மறுநாள் மறுபடி கேட்டதற்குத்தான் பதில் வந்தது. "உன் ஸ்லாங் தெரியுதும்மா. அது பணக்கார வீட்டுப் பொண்ணு."

திருநெல்வேலியில் பணக்காரர்களே இல்லையா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குப் பேசியது யார் என்று மட்டும் கேட்டேன்.

வடபழனியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் அந்த அக்காவைப் பார்த்தேன். சண்டை போடும் எண்ணத்தோடு போயிருந்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். மூன்று மாதமாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் அல்லவா! "நீ நல்லா வாயத் திறந்து பேசுறம்மா. உன் லிப் எனக்கு ரொம்ப ஈஸி" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் டப்பிங் வேலைக்கு அவரே கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

டப்பிங் கலைஞர்கள் சங்கத்தின் அட்டை இல்லாமல் முறையாக வேலை செய்ய முடியாது. அதற்கான பணத்தைச் சீட்டுப் போட்டுச் சேர்த்தேன். குரல் தேர்வு முடிந்து அட்டை வந்ததும் கிடைத்தது க்ரவுட் வாய்ஸ்: கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வராந்தா, கோயில் கூட்டம். ஒரு மைக்கைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்போம். ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் ஒரு வார்த்தைகூடத் தனியாகக் கேட்கக் கூடாது. ஒருமுறை சாவு வீட்டுக் காட்சியில் நான் என்னை மறந்து "ஏ தாயி" என்று இழுத்துவிட்டேன். ஒலிப்பதிவு கன்சோலில் இருந்தவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, "யாருங்க அது திருநெல்வேலி?" என்றார்.

நிஜமான பாடம் தமிழில் டப் செய்யும் இந்தி சீரியல்களில் நடந்தது. ம, ப இரண்டும் உதடு ஒட்டும் எழுத்துகள். திரையில் உதடு ஒட்டும் இடத்தில் நம் வசனத்திலும் ஒட்ட வேண்டும், மற்ற இடங்களில் கொஞ்சம் ஏமாற்றலாம். ஒரு நாள் திரையில் அழுதுகொண்டே ஒரு பெண் "முஜே மாஃப் கர் தோ" என்கிறாள். எனக்குக் கொடுத்த தாளில் "என்னை மன்னிச்சிடு". அவள் உதட்டை மூடும் நொடியில் நான் "எ" என்று வாயைத் திறக்கிறேன். நாலு டேக் போனது. பக்கத்திலிருந்த அக்கா தாளில் அடித்து எழுதினார்: "மன்னிப்புக் கொடு". முதல் அசையில் ஒட்டியது, மூன்றாவதில் ஒட்டியது, கடைசியில் அவள் "தோ" என்று குவித்த உதடும் நம் "டு"வில் குவிந்துவிட்டது. அச்சாகப் பொருந்தியது. ஆனால் தமிழில் எந்த மனுஷி "மன்னிப்புக் கொடு" என்பாள்? டப்பிங் சீரியலில் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்று சின்ன வயதிலிருந்து சிரித்தவள் நான். அன்று காரணம் புரிந்தது. "க்ளோசப்னா உதடு, தூரத்து ஷாட்னா தமிழ்" என்றார் அக்கா. இன்றுவரை நான் கடைப்பிடிக்கும் கணக்கு அதுதான்.

மேடையில் கற்றது இங்கே பாதி உதவியது, பாதி இடைஞ்சல். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம். கடைசி வரிசைக்கு அனுப்பிய குரலை அந்த ஒரு சாணுக்குள் அடக்க வேண்டும். அழும் காட்சியில் அரை அடி பின்வாங்கி, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வேன். வளையல், ஜிமிக்கி எல்லாம் வெளியே கழற்றி வைத்துவிட வேண்டும். பட்டு கட்டக் கூடாது, அசைந்தால் சரசரக்கும். முக்கியமாகச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். காதலைச் சொல்லும் காட்சியில் என் வயிறு கடமுடவென்று பதிவாகி, ஸ்டுடியோவே சிரித்து ஓய்ந்த பிறகுதான் அடுத்த டேக் எடுத்தோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்புகள் நின்றன. நடிகையாக என் கையில் இருந்த ஒரே சீரியலும் நின்றது. மே 11 முதல் டப்பிங், எடிட்டிங் போன்ற வேலைகளுக்கு மட்டும் குறைந்த ஆட்களோடு அனுமதி கிடைத்தது. முகத்துக்கு வேலை இல்லாத நாட்களில் குரல் வாடகை கட்டியது. க்ரவுட் எடுக்க ஆள் கூட்ட முடியாததால் நான் ஒருத்தியே தனித்தனியாக ஆறு பெண்களாகப் பேசிக்கொடுத்தேன். அந்த ஆறு பேரில் ஒருத்தியை வேண்டுமென்றே திருநெல்வேலிக்காரியாக்கினேன். யாரும் நிறுத்தவில்லை.

அதற்கடுத்த வருடம் முதல் முறையாக ஒரு நாயகிக்குப் பேசினேன். மலையாளப் பெண், நல்ல நடிகை, தமிழ் வராது. 'கோலங்கள்' பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. அதில் உஷாவாக நடித்த தீபா வெங்கட்தான் நயன்தாராவுக்குப் பேசுகிறார் என்று தெரிந்தபோது அம்மா நம்பவே இல்லை. ஒரே ஆள் முகமாகவும் குரலாகவும் இருக்க முடியும் என்பதற்கு எனக்கு அவர்தான் சாட்சி. நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். மாதத்தில் சில நாள் யாருக்காவது அண்ணி, மாலையில் டப்பிங், வருடத்துக்கு ஒரு நாடகம். மேடையில் மட்டும்தான் என் முகமும் என் குரலும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கும்.

போன வாரம் ஒரு புது சீரியலுக்குக் கூப்பிட்டார்கள். ஹெட்போனில் பைலட் குரல் ஓடியது, அதாவது படப்பிடிப்பில் அந்தப் பெண்ணே பேசியது. கோவில்பட்டிப் பக்கமாம், முதல் சீரியலாம். தட்டை நீட்டி, "பளம் எடுத்துக்கோங்க அத்த" என்கிறாள். அழகாகத்தான் சொல்கிறாள். மாமியார் முன்னால் மிரண்டு நிற்கும் பெண் அப்படித்தான் சொல்வாள். "இந்தப் பொண்ணே பேசலாமே" என்றேன். டப்பிங் இன்சார்ஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பழம் எடுத்துக்கோங்க அத்த" என்றேன். ஒரே டேக். "ஓகே மேடம், நெக்ஸ்ட்."

கிளம்பும்போது அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கிக்கொண்டேன். இன்னும் கூப்பிடவில்லை. முதல் எபிசோடு வருகிற திங்கட்கிழமை வருகிறது.