சிலுவெட் என்ற குடும்பப் பெயரைத் துரத்தியது: இதுவரை கிடைத்தவை

பாரிஸுக்குக் கிழக்கே மார்ன் ஆற்றங்கரையில் பிரி சூர் மார்ன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே குடியிருந்து அங்கேயே இறந்துபோன இரண்டு பேருடைய குடும்பப் பெயர்கள் அகராதிக்குள் போய்விட்டன. ஒருவர் லூயி தகேர், தகேரோடைப் என்ற பழைய புகைப்பட முறைக்குச் சொந்தக்காரர், 1851இல் இறந்தார். அவர் வரைந்த பெரிய டியோராமா ஓவியம் ஊர்த் தேவாலயத்தில் இன்னும் இருக்கிறது. இன்னொருவர் எத்தியேன் த சிலுவெட் (Silhouette), பதினைந்தாம் லூயி மன்னனிடம் நிதி அமைச்சராக இருந்தவர், 1767இல் இறந்தார். கல்யாண ஆல்பத்தில் ஜோடியைச் சூரியனுக்கு முன்னால் கறுப்பு உருவமாக நிறுத்தி எடுப்பார்களே, சில்ஹவுட் ஷாட், அது இவருடைய குடும்பப் பெயர்தான்.

பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களைத் துருவுவது எனக்குக் கொஞ்ச காலமாகவே பழக்கம். படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்தால் அப்பா பெயரை எழுதிவிட்டு நகர்கிற ஆள் நான், அதனால் மற்றவர்களுடைய பரம்பரைப் பெயர் மேல் ஒரு வேடிக்கை ஆர்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகேர் என்ற பெயர் பிரான்சும் ஸ்பெயினும் சேரும் மூலையில் இருக்கும் பாஸ்க் நாட்டுப் பக்கம் இன்றும் சாதாரணமாகக் கண்ணில் படும். சிலுவெட் அப்படி இல்லை. அதனால் இதைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1709இல் லிமோஜ் நகரில் பிறந்தவர், அப்பா அங்கே அரசாங்கத்துக்கு வரி வசூலிக்கும் அதிகாரி, ஆனால் குடும்பத்தின் வேர் தென்மேற்கு மூலையில் கடலோரமாக இருக்கும் பியாரிட்ஸ். 1759 மார்ச்சில் நிதிப் பொறுப்பு கைக்கு வந்தது. ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், கஜானா காலி. பணக்காரர்களின் ஆடம்பரத்துக்கு வரி, தங்க வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி நாணயமாக்கும் உத்தரவு, அக்டோபரில் அரசாங்கம் கொடுக்கவேண்டிய பாக்கிகளையே நிறுத்திவைத்தது என்று போய் நவம்பரில் பதவி போய்விட்டது. (அதே அக்டோபரில் இங்கே தமிழ்நாட்டுப் பக்கம் பிரெஞ்சுத் தளபதி லாலியின் சிப்பாய்கள் சம்பள பாக்கிக்காகக் கலகம் செய்தார்கள், மூன்று மாதம் கழித்து வந்தவாசியில் தோற்றார்கள். புதுச்சேரி வரலாறு படித்தவர்களுக்கு அந்த வருடத்துப் பணமுடை புதிதாக இருக்காது.) பதவி போன கையோடு பாரிஸ்காரர்கள் மலிவான, அரைகுறையான எதற்கும் சிலுவெட் பாணி என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்யத் தொடங்கினார்கள். பை இல்லாத கால்சட்டை சிலுவெட் பாணி, வண்ணம் இல்லாமல் நிழலை மட்டும் வரைந்த படம் சிலுவெட் பாணி. அவரே பிரி மாளிகைச் சுவர்களில் அந்த மாதிரி நிழல் படங்களை மாட்டியிருந்தார் என்று இன்னொரு கதையும் உண்டு. எனக்கு முதல் கதைதான் பொருத்தமாகப் படுகிறது, வரி போட்ட அமைச்சரை ஜனங்கள் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட மாட்டார்கள்.

சரி, தேடல். அரிய பெயரா இல்லையா என்று பார்க்க எல்லோரும் முதலில் போகும் இடம் பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனமான இன்சேயின் பெயர்க் கோப்பு. 1891 முதல் 2000 வரை பிறந்தவர்களைப் பத்துப் பத்து வருடமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இறக்கி எக்செலில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அரிய பெயர் தேடுகிறவர்களுக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காலம் முழுக்கச் சேர்த்தும் 30 பேரைத் தொடாத பெயர்களை எல்லாம் 'மற்ற பெயர்கள்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த வரிக்குள்தான் இருக்கும். பழைய பத்தாண்டுகளின் எண்ணிக்கையும் உள்ளதைவிடக் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் கோப்பின் அடிப்படையான ஆள் பதிவேடு இரண்டாம் உலகப்போர் காலத்தில்தான் தொடங்கியது. அதைவிட உபயோகமானது இன்சேயின் இறப்புக் கோப்பு. 1970க்குப் பிறகு இறந்தவர்களின் பெயரும் பிறந்த ஊரும் அதில் இருக்கும், 2019 கடைசியிலிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அரிய பெயர் என்றால் பிறந்த ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்தாலே பூர்வீகம் எந்தப் பக்கம் என்று ஓரளவு பிடிபட்டுவிடும். ஒன்று மட்டும்: இப்படிப்பட்ட பெயரில் யாரைச் சொன்னாலும் ஆள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும், அதனால் தனி ஆட்களின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை.

அப்புறம்தான் நிஜமான தலைவலி. தேசிய நூலகத்தின் கலிக்கா தளத்தில் பழைய பத்திரிகைகள் எல்லாம் எழுத்துத் தேடலுக்கு வசதியாக இருக்கின்றன, வேறு எந்தக் குடும்பப் பெயருக்கும் அது பொக்கிஷம். இந்தப் பெயரைப் போட்டால் தையல்கடை விளம்பரம், பாலே விமர்சனம், மலைகளின் வர்ணனை என்று கொட்டுகிறது. பொதுச்சொல்லாகிவிட்ட பெயரைத் தேடுபொறியால் துரத்தவே முடியாது. கடைசியில் வேலை செய்த வழி, தேதியை 1759க்கு முன்னால் என்று கட்டுப்படுத்துவது. அந்த வருடத்துக்கு முன்பு இந்தச் சொல் கண்ணில் பட்டால் அது ஆள், அல்லது வீடு, வேறெதுவும் கிடையாது. பின்னால் உள்ள காலத்துக்கு 'திரு', 'விதவை', 'வக்கீல்' போன்ற சொற்களைப் பெயரோடு ஒட்டவைத்து மேற்கோள் குறிக்குள் தேடினேன், குப்பை பாதிக்குமேல் குறைந்தது.

1792க்குப் பிந்தைய காலத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம். புரட்சி அரசாங்கம் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவைப் பங்குச் சாமியாரிடமிருந்து நகராட்சிக்கு மாற்றியபோதே பத்து வருடத்துக்கு ஒரு அகரவரிசை அட்டவணை போடச் சொல்லிவிட்டது. மாவட்ட ஆவணக் காப்பகங்கள் அதை ஸ்கேன் செய்து வைத்திருக்கின்றன, எஸ் பக்கத்துக்குப் போனால் போதும். மார்ட்டேன் என்ற பெயரைத் தேடுகிறவர்கள் இதே அட்டவணையில் கண்ணைக் கெடுத்துக்கொள்வார்கள், பிரான்சிலேயே அதிகமாக உள்ள குடும்பப் பெயர் அது. நம் மாதிரி ஆட்களுக்கு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் ஒரு ஊரே முடிந்துவிடும். பாரிஸுக்குக் குடிபோன கிளை என்றால்தான் வம்பு: 1871 மே மாதம் கம்யூன் என்ற பாரிஸ் மக்கள் எழுச்சியின் கலவரத்தில் நகராட்சி மாளிகையும் நீதிமன்றமும் எரிந்தபோது பாரிஸின் 1860க்கு முந்தைய பதிவேடுகள் இரண்டு பிரதியும் சேர்ந்தே போயின. சுமார் 80 லட்சம் பதிவுகள், அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மறுபடி உருவாக்க முடிந்தது. ஒரு பிரதி போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று 1667இலேயே சட்டம் போட்டவர்கள், இரண்டையும் ஒரே நகரத்துக்குள் வைத்திருந்தார்கள்.

பெயரின் அர்த்தத்துக்கு வருகிறேன். பிரெஞ்சுக் காதுக்குச் சிலுவெட் அழகான பிரெஞ்சுச் சொல் போலத்தான் கேட்கும். ஆனால் அது பாஸ்க். பாஸ்க் மொழியில் சுலோ என்றால் குழி, பொந்து. வடக்குப் பேச்சில் அது சிலோ, சில்ஹோ என்று வரும். எட்டா என்ற விகுதி அது நிறைய இருக்கும் இடம் என்று காட்டும். ஆக சில்ஹுவெட்டா, குழிகள் நிறைந்த இடம். பிரெஞ்சில் உச்சரிக்கவே உச்சரிக்காத அந்த 'எச்' எழுத்து நடுவில் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் உறுத்தல், வடக்கு பாஸ்க் பேச்சில் அந்த மூச்சொலி நிஜமாகவே உண்டு என்று படித்த பிறகுதான் தீர்ந்தது. எழுதியவர் கேட்டதை எழுதியிருக்கிறார், கடைசியில் மட்டும் பிரெஞ்சு வால் ஒட்டியிருக்கிறார்.

எத்தியேன் த சிலுவெட் என்பதன் நடுவில் வரும் 'த' பார்த்து எல்லோரும் பிரபு வம்சம் என்று முடிவுகட்டுவார்கள். பாஸ்க் நாட்டில் அது அவ்வளவு நம்பகமான அடையாளம் இல்லை. அங்கே ஆளுக்குப் பெயர் வீட்டிலிருந்து வரும். பியாரிட்ஸ் இருக்கும் லபூர் பகுதியில் மூத்த பிள்ளை ஆணோ பெண்ணோ அவர்களுக்கே வீடு முழுசாகப் போகும், மூத்தது பெண்ணாக இருந்தால் கட்டிக்கொண்டு வருகிற மாப்பிள்ளை அந்த வீட்டுப் பெயராலேயே அறியப்படுவார், நம் கிராமங்களில் மேலவீட்டுக்காரர் என்று கூப்பிடுகிற மாதிரி. ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஒரே வீட்டுக்குப் பெரிய எஜமானர், இளைய எஜமானர் என்று இரண்டு ஜோடிகளைச் சேர்த்துக் குறிப்பதும் சகஜம். இதைப் புரிந்துகொள்ளாமல் அப்பா-மகன் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு போனால் ரத்த சம்பந்தமே இல்லாத ஆளிடம் போய் நிற்கவேண்டியதுதான். இணையத்தில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் வம்ச மரங்களில் இந்தப் பகுதியை நான் நம்புவதில்லை. 1794இல் பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்த பிறகுதான் பெயர் வீட்டை விட்டுவிட்டு ஆளோடு நடக்க ஆரம்பித்தது.

இங்கேதான் அரிது என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு மழை வார இறுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குடும்பப் பெயர்கள் எப்படி அழிகின்றன என்ற கணக்கை 1845இலேயே பியெனெமே என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர் போட்டுவிட்டார், ஆனால் முப்பது வருடம் கழித்து வந்த கால்டன், வாட்சன் என்ற இரண்டு ஆங்கிலேயர்களின் பெயரில்தான் அது வழங்குகிறது. எக்செலில் எளிது. ஒரு வீடு, ஒரு ஆண், பெயரைக் கொண்டுபோகிற மகன் சராசரியாக ஆளுக்கு ஒருவன், சிலருக்கு இல்லை, சிலருக்கு மூன்று நான்கு என்று பாய்சான் பரவலில் (சராசரியைச் சுற்றி எண்ணிக்கை தற்செயலாகச் சிதறும் கணக்கு முறை) விடுங்கள். முதல் தலைமுறையிலேயே 37 சதவீதப் பெயர்கள் காலி. மூன்றாவதில் 63. பத்தாவது தலைமுறையில், அதாவது ஏறக்குறைய முந்நூறு வருடத்தில், 84 சதவீதம் போய்விடும், பிழைத்த பெயர்களிலும் சராசரியாக ஆறு ஆண்கள்தான் மிச்சம். ஜனத்தொகை வளரட்டும் என்று சராசரியை 1.2 ஆக்கினாலும் காலப்போக்கில் 69 சதவீதம் அழிகிறது. நிஜ வாழ்க்கை இவ்வளவு நேர்த்தி இல்லை, பாஸ்க் வீட்டில் பெண் வழியும் பெயரைக் காப்பாற்றியது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் கிளம்பிப்போன பாஸ்க் இளைஞர்கள் கணக்கை வேறுபக்கம் இழுத்தார்கள். இருந்தாலும் விஷயம் புரிகிறது. ஒற்றை வீட்டில் பிறந்த பெயர் அரிதாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை, அதுதான் அதன் இயல்பு. ஒரு பெயர் பெருகவேண்டும் என்றால் அது பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்திருக்க வேண்டும். வடக்கே லெஃபேவ்ர், தெற்கே ஃபாப்ர், பிரெத்தோன் மொழியில் லெ கோஃப், எல்லாம் கொல்லர்தான், ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தார்.

இதை வைத்து எல்லையைத் தாண்டி ஸ்பெயின் பக்கம் போனபோதுதான் எனக்கு உண்மையில் சுவாரஸ்யம் தட்டியது. அங்கே இதே பெயர் சுலுவெட்டா, கணிசமான பேர் வைத்திருக்கிறார்கள். பம்ப்லோனா அருகே சுலுவெட்டா என்று ஒரு கிராமமே இருக்கிறது. குழி எங்கேயும் இருக்கும் அல்லவா, இடப்பெயரும் பல இடத்தில் முளைத்தது. தகேர் கதையும் இதேதான், த அகேர் ஒட்டிப்போய் தகேர், ஸ்பெயினில் அதே சொல் அகிரே, உலகம் பூராவும் அகிரேக்கள். ஆகவே அரிதாக இருப்பது பெயர் அல்ல, அதன் எழுத்துக்கூட்டு. இரண்டு நாட்டுக்கும் எல்லையான பிதாசோவா ஆற்றின் ஒரு கரையில் ஒரு எழுத்தர், மறுகரையில் இன்னொருவர். பிரெஞ்சு எழுத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சிறு கிளைக்குத்தான் சிலுவெட் என்று பெயர். அந்தக் கிளையில் ஒருவர் அமைச்சராகி, எட்டு மாதத்தில் கெட்ட பெயர் வாங்கி, உலக மொழிகளுக்கெல்லாம் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டார். சீஷெல்ஸில் மூன்றாவது பெரிய தீவுக்கும் அவர் பெயர்தான், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் மன்னரின் பிரதிநிதியாக இருந்தவர் என்பது அதற்குப் பின்னணி.

அழிந்துபோகும் பெயர்களைக் காப்பாற்ற பிரான்சில் சட்டமே இருக்கிறது என்பது இந்தத் தேடலில் கிடைத்த உபரி. முதல் உலகப்போரில் வாரிசில்லாமல் செத்தவர்களின் பெயரை நெருங்கிய உறவினர் எடுத்துக்கொள்ள 1923இல் ஒரு சட்டம். இப்போதைய சிவில் சட்டத்தின் 61ஆம் பிரிவில், நான்காம் படி உறவு வரை, அற்றுப்போகவிருக்கும் முன்னோர் பெயரைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2022 ஜூலையிலிருந்து அம்மாவுடைய குடும்பப் பெயருக்கு மாறுவது நகராட்சியில் ஒரு படிவம் கொடுக்கிற வேலையாகிவிட்டது. இன்சேயின் பெயர்க் கோப்பு இனி எப்படி மாறப்போகிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

அடுத்த வேலை வீடு. பியாரிட்ஸ் சந்தைக்குப் பக்கத்தில் சிலுவெட் பெயரிலேயே ஒரு பழைய வீடு ஹோட்டலாக நடக்கிறது, ஆனால் எனக்கு வேண்டியது நிலவரி வரைபடம். நெப்போலியன் காலத்தில் துண்டு துண்டாக அளந்து போட்ட அந்தப் படங்களில் பாஸ்க் பகுதி வீடுகளுக்குப் பெயர் எழுதியிருப்பார்கள். அதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கசினி வரைபடத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். கூடவே பயோன் காப்பகத்தில் உள்ள நோட்டரி பத்திரங்கள். திருமண ஒப்பந்தம் ஒன்று கிடைத்தால் யார் வீட்டோடு வந்தவர், யார் வீட்டில் பிறந்தவர் என்று அதிலேயே எழுதியிருக்கும். அவை இன்னும் ஸ்கேன் ஆகவில்லை, நேரில் போய்த்தான் கட்டவிழ்க்கவேண்டும்.